அடுக்குக் கட்டைகளும் அயலார் கதைகளும்

பொம்மைக் கடையொன்றில் இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே வகையான பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பொருந்திக்கொள்பவை. ஒரு பெட்டியின்மேல் ஏதோ ஒரு வீட்டின் படம். மற்றதன்மேல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் பறக்கும் விண்வெளிக் கப்பலின் படம். கட்டைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது பெட்டிக்கு விலை சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. “பெயருக்குத்தான் அந்தக் காசு” என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது போதவில்லை. பெயருக்குக் காசு என்றால் அந்தக் காசு யாருக்குப் போகிறது? ஒரு கதையை வாடகைக்கு விடலாம் என்று முதலில் எண்ணியவர் யார்? பத்தாம் வகுப்பில் பொதுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதையெல்லாம் ஏன் தேடினீர்கள் என்று கேட்காதீர்கள் தோழியரே! தேர்வுக்கு வராதவற்றைப் படிப்பதில் உள்ள இன்பம் உங்களுக்கும் தெரியும்.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓல கிர்க் கிறிஸ்டியான்சன் என்றொரு தச்சர் இருந்தார். பொருளாதார நெருக்கடியில் வீடு கட்டுவோர் குறைந்து தச்சு வேலை அருகிப்போகவே, 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-இல் தம் தொழிலுக்கு ‘லெகோ’ என்று பெயரிட்டார். 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அக்கட்டையின் வடிவம் அவர் சொந்தமாகக் கண்டதன்று. ஹிலரி ஃபிஷர் பேஜ் என்னும் ஆங்கிலேயர் ‘கிட்டிகிராஃப்ட்’ என்ற பெயரில் செய்துவந்த கட்டைகளைப் பார்த்து எழுந்தது அது. பேஜ் 1957-இல் காலமானார். கிட்டிகிராஃப்டின் எஞ்சிய உரிமைகளை லெகோ நிறுவனத்தார் விலை கொடுத்து வாங்கியது 1981-இல்தான். பிறர் ஆக்கத்திற்கு உரிமை வாங்குவதைப் பற்றிய கதை இது என்பதால் இதை மறவாமல் எழுதுகிறோம்.

லெகோவின் சொந்தச் சாதனை 1958-இல் வந்தது. மேலே குமிழ்கள் மட்டும் இருந்தால் கட்டைகள் எளிதில் கழன்றுவிடும். ஓல கிர்க்கின் மகன் காட்ஃபிரெட், கட்டையின் உட்புறத்தில் குழாய்களை வைத்தார். கீழ்க்கட்டையின் குமிழ், மேல்கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அவ்வாண்டு ஜனவரி 28-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அன்று வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடும் பொருந்தும். அச்சின் அளவில் அனுமதிக்கப்படும் பிழை ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு என்றால் வேலையின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு. அவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணிப்பொறி கொண்டு எண்ணிக் கண்ட விடை 91,51,03,765. ஆம், தொண்ணூற்றொரு கோடிக்கு மேல்! இதை எங்கள் கணித ஆசிரியையிடம் காட்டியபோது, நம்பாமல் இரண்டு கட்டைகளுக்கு மட்டும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். அதற்கே 24 வந்தது. மூன்றாவது கட்டையோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

இத்தனை கோடி வழிகள் இருக்கும்போது, கப்பலை இப்படித்தான் கட்ட வேண்டும் என்று ஒரு திரைப்படம் வந்து சொல்வானேன்?

முதலில் அப்படி யாரும் சொல்லவில்லை. 1978-இல் லெகோவின் விண்வெளி வரிசை வந்தது. கைகால் அசையும் குட்டி மனிதப் பொம்மைகளும் அதே ஆண்டில் வந்தன. தலைக்கவசம் அணிந்த அந்த விண்வெளி வீரர் எல்லாருக்கும் ஒரே புன்னகை. அவர்களுக்குப் பகைவர் இல்லை, துப்பாக்கி இல்லை, ஏன், பெயர்கூட இல்லை. அவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்பதை விளையாடும் பிள்ளையே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1977 மே மாதத்தில், அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்திருந்தது. அதன் இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் தமக்குரிய ஊதியத்தை மேலும் உயர்த்திக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்தடுத்த பாகங்களை எடுக்கும் உரிமையையும், படத்தின் பெயரால் பொருள்கள் விற்கும் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். படக் கம்பெனியார் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பொம்மை, சட்டை, சாப்பாட்டு டப்பா இவற்றில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்கள் போலும்! படம் வெளிவந்ததும் பிள்ளைகள் பொம்மை கேட்டு நச்சரித்தார்கள். உரிமை பெற்றிருந்த கென்னர் என்னும் கம்பெனியால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விற்றது ஒரு வெற்றுப் பெட்டி! உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதை அனுப்பினால் அடுத்த ஆண்டில் நான்கு பொம்மைகள் தபாலில் வரும். பொம்மையே இல்லாத பெட்டிக்குப் பெற்றோர் காசு கொடுத்தார்கள். பெயருக்கு என்ன விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குக் கிட்டவில்லை. (தபாலில் வந்த நால்வரில் ஒருத்தி இளவரசி லேயா. மற்ற மூவர் லூக் என்னும் வாலிபன், ரோமம் நிறைந்த ஒரு வேற்றுலகத்தான், ஓர் இயந்திரம்.)

லெகோ நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வழிக்கு வரவில்லை. நிஜப் போர்க்கருவிகளைப் பொம்மையாகச் செய்வதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. ‘ஸ்டார் வார்ஸ்’ என்றால் பெயரிலேயே போர் இருக்கிறதே! 1990-களின் பிற்பகுதியில் அந்நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் பீட்டர் எயோ இந்த யோசனையை முன்வைத்தபோது தலைமையகத்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. பெற்றோரின் கருத்தைக் கேட்டறிந்தார்கள், பெரும்பாலோர் ஆதரித்தார்கள். நிறுவனரின் பேரனும் அப்போதைய தலைவருமான கெல் கிர்க் கிறிஸ்டியான்சன் தாமே அப்படத்தின் ரசிகர். முடிவில் அவர் சம்மதித்தார். 1998-இல் நிறுவனம் வரலாற்றில் முதன்முறையாக நட்டம் கண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ கட்டைப் பெட்டிகள் கடைக்கு வந்தன. விற்பனை அவர்கள் எதிர்பார்த்ததையும் தாண்டிப் போயிற்று.

உரிமம் என்பது எப்படி நடக்கிறது? கதைக்கு உரியவர் ஒருவர்; பொருள் செய்பவர் வேறொருவர். இன்ன கதையின் பெயரையும் உருவங்களையும் இத்தனை ஆண்டுகளுக்கு, இன்ன பொருளுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். விற்கும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பங்கு ‘ராயல்டி’யாகக் கதைக்கு உரியவரிடம் போகிறது. செய்த மாதிரியை அவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்காமல் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்க முடியாதல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

குடியிருப்பவருக்குள்ள கவலை லெகோவுக்கும் வந்தது. 2002-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் ஒன்றும் ‘ஹாரி பாட்டர்’ படம் ஒன்றும் வெளிவந்தன. 2003-இல் இரண்டிலும் புதிய படம் கிடையாது. படம் இல்லாத ஆண்டில் அப்பெட்டிகளைக் கேட்பாரில்லை. அவ்வாண்டு மொத்த விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீழ்ந்து நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதற்குப் படங்களை மட்டும் குறை கூறலாகாது. வேண்டாத தொழில்கள் பலவற்றில் இறங்கியிருந்தார்கள். கட்டைகளின் வகைகளும் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தன. 2004-இல் தலைமைக்கு வந்த யோர்கன் விக் குனுட்ஸ்டோர்ப் வகைகளைக் குறைத்து, பொழுதுபோக்குப் பூங்காக்களை விற்று, நிறுவனத்தைக் கரையேற்றினார். ஆயினும் எங்கோ ஹாலிவுட்டில் ஒரு படம் தள்ளிப்போனால் டென்மார்க்கின் ஒரு சிற்றூரில் வேலை போகும் என்பது எங்களைத் திகைக்க வைத்தது.

அந்த நெருக்கடியில் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தவற்றுள் ஒன்று அவர்களே புனைந்த ஒரு விஞ்ஞானக் கதை. ‘பயோனிக்கிள்’ என்று அதற்குப் பெயர். ஒரு தீவு, முகமூடி அணிந்த இயந்திர வீரர்கள், அவர்களுக்கென்று ஒரு புராணம். 2001-இல் வெளிவந்த இக்கதைக்கு யாருக்கும் ராயல்டி தர வேண்டியதில்லை. ஆனால் கதையில் வரும் பெயர்கள் சில நியூசிலாந்தின் பழங்குடி மக்களான மாவோரியரின் மொழியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஊர்வாசிகளான குட்டிப் பொம்மைகளுக்கு ‘தோஹுங்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாவோரி மொழியில் அது குருவையும் சமய அறிவு நிறைந்த பெரியவரையும் குறிக்கும் சொல். நம் பங்குக் குருவானவரை அழைக்கும் சொல்லை எங்கோ ஒரு தொழிற்சாலை பிளாஸ்டிக் பொம்மைக்கு வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்! மாவோரியர் அதே ஆண்டில் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். நிறுவனத்தார் அவர்களோடு பேசிச் சில பெயர்களை மாற்றினார்கள். ‘தோஹுங்கா’ என்பது ‘மட்டோரான்’ ஆயிற்று.

எங்கள் வகுப்பில் இதைப் பேசியபோது கருத்து இரண்டுபட்டது. “கேட்டார்கள், மாற்றினார்கள், இதில் என்ன குறை?” என்றனர் சிலர். “சினிமாக் கம்பெனியிடம் பத்திரம் எழுதி, காசு கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள் ஒரு தீவு மக்களின் சொல்லை மட்டும் கேளாமலே எடுத்தது ஏன்?” என்றனர் மற்றவர்கள். எங்களில் அதிகம் பேர் இரண்டாவது கட்சிதான். பத்திரம் எழுத வக்கீல் வைத்திருப்பவனிடம் கேட்கிறோம். பாட்டியிடமிருந்து மொழியைக் கற்றவனிடம் கேட்பதில்லை. அது லெகோவின் பழக்கம் மட்டுமன்று.

சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதும் விசித்திரமானது. குழாய் வைத்த கட்டையின் காப்புரிமைக் காலம் முடிந்து போயிற்று. அந்த வடிவத்தையே வணிகச் சின்னமாகத் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முயன்றார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும் அதை மறுத்துவிட்டன. பொருளின் வேலையைச் செய்யும் வடிவத்தை ஒருவரே என்றென்றும் வைத்துக்கொள்ளலாகாது என்பது காரணம். எனவே கட்டையை இன்று யாரும் வார்க்கலாம். ஆனால் குட்டி மனிதப் பொம்மையின் உருவம் 2015-இலும் ஐரோப்பாவில் காப்புப் பெற்று நின்றது. திரைப்படக் கப்பலின் உருவமும் பெயரும் உரிமம் பெற்றவருக்கே. சீனாவில் ‘லெபின்’ என்ற பெயரில் பெட்டிகளை அப்படியே நகல் செய்து விற்ற கும்பலின் தலைவருக்கு 2020-இல் ஷாங்காய் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. கட்டை பொதுச் சொத்தாகிவிட்டதால் கதைக்கு மதிப்பு ஏறிவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. போட்டியாளர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். 2011-இல் ஹாஸ்ப்ரோ ‘கிரே-ஓ’ என்ற கட்டைகளை ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கதையோடு இறக்கியது. பின்னர் ‘ஸ்டார் டிரெக்’ கதையையும் சேர்த்துக்கொண்டது. எங்கும் கட்டை ஒன்றுதான், கதைதான் வேறு.

சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்கு இது புத்தகத்திலிருந்து மேசைக்கு இறங்கி வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பிக்குத் துபாயிலிருந்து அவன் மாமா ‘ஸ்டார் வார்ஸ்’ விமானப் பெட்டியொன்று கொண்டுவந்திருந்தார். நாங்கள் ஐந்து பேர் போய் உட்கார்ந்தோம். படப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, சாம்பல் நிறக் கட்டைகளைத் தேடித் தேடி, மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி விளக்கேற்றும் நேரத்தில் முடித்தோம். சிறகுகள் விரிந்தன. அழகுதான், மறுக்கமாட்டோம். அப்புறம் என்ன செய்வது? தம்பி அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொன்னான். அவன் அக்காவோ பிரித்து வேறு கட்டலாம் என்றாள். “இத்தனை காசு போட்டு வாங்கினதை ஏண்டி பிரிக்கறீங்க? பாக்கறதுக்கு லட்சணமா இருக்கட்டுமே” என்றார் பாட்டி. வீட்டிலிருந்தோரெல்லாம் வழக்குரைஞராகிவிட்டார்கள். பெட்டிக்கு உரியவன் தம்பியாகையால் அவனிடமே கேட்டோம். திரும்பக் கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் மூன்று நாள் கழித்து உத்தரவு கொடுத்தான்.

நாங்கள் கட்டியது விண்வெளியில் ஒரு தபாலாபீஸ். விமானத்தின் சிறகு கூரையாயிற்று. இயந்திரக் குழல் தபால் பெட்டி. விமானி தபால்காரர், தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார், ஏனெனில் எங்களிடம் அவருக்கு வேறு தொப்பி இல்லை. செவ்வாயிலிருந்து வரும் கடிதம் எத்தனை நாளில் சேரும், நிலவுக்கு எத்தனை ரூபாய் தபால் தலை ஒட்டுவது என்பதில் ஒரு முழு மாலையும் சண்டை. சிவப்புக் கட்டை இல்லாததால் எங்கள் தபால் பெட்டி சாம்பல் நிறம். ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்! மறுநாள் தம்பியே வந்து, “அக்கா, என் பேருக்கு ஒரு தந்தி வந்திருக்குன்னு வையுங்க” என்றான். படப் புத்தகத்தைப் பார்த்து விமானத்தைத் திரும்பக் கட்ட ஒரு மணி நேரமே ஆயிற்று, கை பழகிவிட்டதால்.

அந்தப் பெட்டியில் இருந்த குட்டி மனிதர்களில் பெண் ஒருத்திகூட இல்லை. இது எங்களுக்கு மட்டும் தோன்றியதன்று. 2014-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி லெகோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள்: பொம்மைகளில் ஆண் பிள்ளைகள் சாகசம் செய்கிறார்கள், பெண் பிள்ளைகளோ வீட்டில் இருக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், கடற்கரைக்குப் போகிறார்கள் என்று. நியாயமான கேள்வி. அதே ஆண்டில், எலன் கூய்மன் என்னும் பெண் விஞ்ஞானி யோசனை கூறி வடிவமைத்த, மூன்று பெண் ஆராய்ச்சியாளர்கள் அடங்கிய பெட்டியொன்று வெளிவந்து விரைவில் விற்றுத் தீர்ந்தது. இது ‘லெகோ ஐடியாஸ்’ என்னும் ஏற்பாட்டின் கீழ் வந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டலாம். பத்தாயிரம் பேர் ஆதரித்தால் நிறுவனத்தார் பரிசீலிப்பார்கள். ஏற்றுக்கொண்டால் நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒன்று யோசனை தந்தவருக்கு.

அவ்வழியே 2017-இல் வந்ததுதான் ‘நாசாவின் பெண்கள்’. அறிவியல் எழுத்தாளர் மாயா வைன்ஸ்டாக் முன்மொழிந்தது, 231 கட்டைகள். அப்போலோ விண்கலத்தின் கணிப்பொறிக்கு நிரல் எழுதிய குழுவின் தலைவி மார்கரெட் ஹாமில்டன், ஹபிள் தொலைநோக்கிக்கு வித்திட்ட நான்சி கிரேஸ் ரோமன், 1983-இல் விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, 1992-இல் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன் ஆகிய நால்வர் அதில் உள்ளனர். ஜெமிசன் சிறுமியாக இருந்தபோது ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் கறுப்பினப் பெண்ணொருத்தி விண்கப்பலில் பணிபுரிவதைக் கண்டு ஊக்கம் பெற்றவர். பின்னாளில், 1993-இல், அத்தொடரின் வழித்தொடர் ஒன்றில் தாமே ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். கதை நிஜத்துக்கு வழி விட்டது. நிஜம் திரும்பிக் கதைக்குள் போயிற்று. இரண்டும் சேர்ந்து கட்டைப் பெட்டிக்குள் வந்தன.

முதலில் முன்மொழியப்பட்டவர்கள் ஐவர். ஐந்தாமவர் காதரின் ஜான்சன். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வருமுன் கணிப்பொறியின் கணக்கைக் கையால் சரிபார்த்துக் கொடுத்த கணித மேதை. பெட்டியில் அவர் இல்லை. உரியவர்களின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அம்முடிவை மதிக்கிறோம் என்று நிறுவனத்தார் அறிவித்தார்கள். முதலில் எங்களுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆயினும் இங்கே ஒருவரைக் கேட்டார்கள். வேண்டாம் என்ற விடை வந்தது. அவர் இல்லாமலே பெட்டி வெளிவந்தது. கேட்பதென்றால் இல்லை என்ற விடைக்கும் இடம் விட்டுக் கேட்க வேண்டும் போலும். மாவோரியரின் சொல்லுக்கு இந்த மரியாதை முதலிலேயே கிடைத்திருக்கலாம்.

இனி ஒரு வேண்டுகோள். தங்கை தம்பியர் வளர்ந்துவிட்டதால் வீட்டில் சும்மா கிடக்கும் அடுக்குக் கட்டைகள் இருந்தால், எந்தக் கம்பெனியினதாயினும், எந்தக் கதையினதாயினும், கழுவித் துடைத்துக் கொண்டுவாருங்கள். தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் விளையாட்டுச் சாமான் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். படப் புத்தகங்கள் தேவையில்லை. சிவப்புக் கட்டைகள் இருந்தால் மிகவும் நல்லது. மதரிடம் முறைப்படி அனுமதி பெற்றாயிற்று.